கடல் சாதாரணம்

என் அப்பாவுக்கு எல்லாமே சாதாரணம். பல் வலித்தாலும் சாதாரணம். வீட்டுச் சொந்தக்காரர் வாசலில் நின்று கத்தினாலும் சாதாரணம். அம்மா மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசாவிட்டாலும் சாதாரணம். துறைமுகத்தில் அதுவே அவர் பெயராகிவிட்டது. "சாதாரணம் வர்றார்" என்று யாராவது சொன்னால் காவலாளி நிமிர்ந்து பார்க்காமலேயே கேட்டைத் திறந்துவிடுவார். ஆனால் அந்த வார்த்தை வாயோடு சரி. அந்த உடம்பு ஒரு நாளும் சாதாரணமாக இருந்ததில்லை. ஒரு வேளைச் சோற்றை உட்கார்ந்து முழுசாகச் சாப்பிட மாட்டார். பாதியில் எழுந்து ஜன்னலைத் திறப்பார், காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பார், மூடுவார், திரும்ப வந்து இரண்டு வாய் சாப்பிடுவார், மறுபடி எழுந்திருப்பார். டீயைப் பாதி குடித்துவிட்டு எங்கேயாவது வைத்துவிடுவார். அலமாரி மேல், தையல் பெட்டிக்குள், ஒரு முறை என் செருப்புக்குப் பக்கத்தில்கூட ஆறிப்போன டம்ளரைக் கண்டெடுத்திருக்கிறேன். இருப்புக் கொள்ளாத அந்த வியாதி எனக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. அதனால் இதை நிதானமாகச் சொல்வேன் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

அவர் ஓர் இழுவைப் படகில் துணைக் கேப்டன். பெரிய கப்பல்களைத் துறைமுகத்துக்குள் இழுத்துவந்து கட்டுவதும், போகும்போது வெளியே கொண்டுபோய் விடுவதும்தான் அந்தப் படகின் அன்றாட வேலை. படகில் ஆறு பேர். கேப்டன், அப்பா, எஞ்சின்காரர், அவருக்கு ஓர் உதவியாளர், கயிற்றுக்காரர்கள் இரண்டு பேர். அந்த இருவரில் ஒருவர் என் மாமா, அம்மாவின் ஒரே தம்பி. அவரைக் கூட்டிக்கொண்டுபோய் வேலைக்குச் சேர்த்துவிட்டதே அப்பாதான். அதை அம்மா முதல் பத்து வருடம் நன்றியோடு சொன்னாள். பிறகு அதே வாக்கியத்தை வேறு குரலில் சொல்ல ஆரம்பித்தாள்.

படகில் லாக் புத்தகம் என்று ஒன்று உண்டு. அரை மணிக்கு ஒரு வரி எழுத வேண்டும். நேரம், படகு இருக்கும் இடம், செய்யும் வேலை, கடைசிக் கட்டத்தில் கடல் எப்படி இருக்கிறது என்று. எழுதுவது அப்பாவின் பொறுப்பு. கடைசிக் கட்டத்தில் அவர் எழுதுவது எப்போதும் ஒரே வார்த்தை, அது என்ன என்று நான் சொல்லத் தேவையில்லை. இதற்குக் காரணம் இருக்கிறது. அந்தப் படகில் ஒரு வழக்கம். 'கடல் மோசம்' என்று யார் எழுதுகிறாரோ, அவர் கரைக்கு வந்ததும் மற்ற எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். அதற்குப் பயந்தாங்கொள்ளி டீ என்று பெயர். அதைக் குடிக்கும்போது வாங்கித் தந்தவரை ஒரு வழி பண்ணிவிடுவார்கள். வழக்கத்தை யார் ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. அப்பாவுக்கு முன்னால் இருந்த துணைக் கேப்டன் வருடத்துக்கு நாலைந்து தடவை மாட்டிக்கொள்வாராம். அப்பா இருபத்திரண்டு வருடத்தில் ஒரு டீகூட வாங்கித் தந்ததில்லை.

அதில் அவருக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்லுவார். இன்னொன்றும் சொல்லுவார். இருபத்திரண்டு வருடத்தில் ஓர் அரை மணியைக்கூட விட்டதில்லை, காய்ச்சலில் படுத்துக்கொண்டே எழுதியிருக்கிறேன், மகள் பிறந்த அன்றும் எழுதியிருக்கிறேன் என்பார். நான் பிறந்தது மதியம் பன்னிரண்டரைக்கு. அந்த வரியில் கடல் சாதாரணம் என்று இருக்கிறது. இந்தக் கதை ஆரம்பிக்கும்போதெல்லாம் அம்மா அடுக்களைக்குப் போய்ப் பாத்திரங்களைச் சத்தமாக அடுக்குவாள்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். மதியத்துக்கு மேல், துறைமுகத்துக்கு வெளியே ஒரு சரக்குக் கப்பலின் எஞ்சின் நின்றுபோனது. உள்ளே பத்தொன்பது பேர், சரக்கு முழுக்கத் தையல் மெஷின்கள். காற்று கப்பலைப் பாறைகளைப் பார்த்துத் தள்ளிக்கொண்டிருந்தது. அப்பாவின் படகு போனது, கயிறு கொடுத்தது, மாலை ஏழரைக்குக் கப்பலைப் பத்திரமாக உள்ளே கொண்டுவந்தது. பத்தொன்பது பேரும் நடந்தே இறங்கினார்கள். என் மாமாவைத்தான் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். வலது கையில் நாலு விரல் போய்விட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு அப்பா வந்தபோது அவருடைய பேன்ட் நைலான் கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. அழுதுகொண்டிருந்த அம்மா அந்த அழுகையிலும் பெல்ட் எங்கே என்று கேட்டாள். எங்கேயோ போச்சு என்றார். பிறகு வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்க ஆரம்பித்தார். டாக்டர் வந்து, மாமாவின் மணிக்கட்டை யாரோ இறுக்கிக் கட்டிக் கையை உயர்த்தியே பிடித்திருக்கிறார்கள், அதைச் செய்திராவிட்டால் ஆள் இருந்திருக்க மாட்டார் என்றார். அம்மா அது இன்னொரு கயிற்றுக்காரர்தான் என்று முடிவு கட்டிவிட்டாள். மறுநாள் ஒரு கூடைப் பழத்தோடு அவர் வீட்டுக்குப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், அம்மா சொல்ல விடவில்லை. அப்பா அருகில் நின்று காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு மாதத்தில் விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. கப்பல் முதலாளி தரப்பு, இது வழக்கமான இழுவை வேலைதான், மணிக் கணக்குப் பார்த்துக் கூலி தருகிறோம் என்றது. படகுக் கம்பெனி, இது ஆபத்திலிருந்து மீட்டது, அதற்குரிய வெகுமதியைக் கோர்ட்டே சொல்லட்டும் என்றது. வெகுமதி வந்தால் பெரும்பகுதி கம்பெனிக்கு, மீதி ஆறு பேருக்கு.

கம்பெனி வக்கீல் ஒரு பெண்மணி. வருடம் முழுவதும் ஜலதோஷம். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கே வந்து, கைக்குட்டையும் கையுமாக உட்கார்ந்து, கோர்ட் எதையெல்லாம் பார்க்கும் என்று அம்மாவுக்கு விளக்கினார். கப்பல் நிஜமாகவே ஆபத்தில் இருந்ததா, எவ்வளவு ஆபத்து, காப்பாற்றப்பட்ட கப்பலும் சரக்கும் என்ன பெறும், போனவர்கள் எவ்வளவு திறமையாகச் செய்தார்கள், தங்கள் உயிரை எவ்வளவு பணயம் வைத்தார்கள், எவ்வளவு நேரம் ஆனது. எல்லாம் செய்தும் கப்பல் மூழ்கியிருந்தால் ஒன்றும் கிடைக்காது. காப்பாற்றியவர்கள் கவனக்குறைவாக நடந்திருந்தால் குறைத்துவிடுவார்கள். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பத்தொன்பது பேர் எந்தக் கணக்கில் வருவார்கள் என்றாள். உயிருக்கென்று தனியாக வெகுமதி கிடையாது, பொருளையும் சேர்த்துக் காப்பாற்றியிருந்தால் நீதிபதி அதை மனதில் வைத்துக்கொள்வார் என்றார் வக்கீல்.

"அப்ப தையல் மெஷினுக்கு விலை இருக்கு, ஆளுக்கு இல்ல" என்றாள் அம்மா.

வக்கீல் தும்மினார். 

பிறகுதான் அவர் பையிலிருந்து லாக் புத்தகத்தின் நகலை எடுத்தார். மதியம் இரண்டு மணி, கப்பலை நெருங்குகிறோம், கடல் சாதாரணம். இரண்டரை, முதல் கயிறு கொடுத்தாயிற்று, கடல் சாதாரணம். மாலை ஏழரை, கப்பல் துறைமுகத்துக்குள், கடல் சாதாரணம். அதன் கீழே எதிர்த்தரப்பு தாக்கல் செய்த பதிலும் இருந்தது. மீட்டவர்களின் சொந்தப் புத்தகமே கடல் சாதாரணம் என்கிறது, சாதாரணக் கடலில் ஒரு கயிற்றுக்காரர் விரல்களை இழக்கிறார் என்றால் அது அவருடைய கவனக்குறைவு, இப்படிப்பட்டவர்களுக்கு வெகுமதி எதற்கு என்று அதில் எழுதியிருந்தது.

அம்மா அதை வாங்கி இரண்டு தடவை படித்தாள்.  விரல் போனதைக்கூட அவள் எப்படியோ விழுங்கிக்கொண்டிருந்தாள். பதினெட்டு வயதிலிருந்து கயிறு பிடித்த தம்பியை, துறைமுகத்தில் புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்தவரை, கவனமில்லாதவன் என்று ஒரு காகிதம் சொன்னதை அவளால் தாங்க முடியவில்லை.

"உங்க ஒரு வார்த்தையால என் தம்பி கவனமில்லாதவன் ஆயிட்டான். ரத்தம் காயறதுக்குள்ள அத எழுதியிருக்கீங்க."

அப்பா எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தார். அன்றிலிருந்து அம்மா அவரோடு நேராகப் பேசுவதை நிறுத்தினாள். சாப்பாடு ரெடி என்பதுகூட என் வழியாகத்தான் போனது. எனக்கும் அவர் மேல் கோபம்தான், மறைப்பானேன்? இவருடைய வறட்டுக் கௌரவத்துக்கு மாமா ஏன் பலியாக வேண்டும்? லாக்கில் எழுதியது பொய் என்று கோர்ட்டில் ஒரு வரி சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று ஒரு நாள் முகத்துக்கு நேரே கேட்டேன். எழுதினது எழுதினதுதான் என்றார்.

விஷயம் அவ்வளவு சுலபமும் இல்லை என்று எங்கள் வக்கீல் பிறகு சொன்னார். அதே புத்தகத்தில் உள்ள நேரங்கள் எங்களுக்குத் தேவை. கயிறு போய்ச் சேர்ந்தபோது கப்பல் பாறைக்கு எவ்வளவு பக்கத்தில் இருந்தது என்பதை அந்த இரண்டரை மணி வரிதான் காட்டுகிறது. கடைசிக் கட்டம் பொய், மற்ற கட்டமெல்லாம் உண்மை என்று எந்த நீதிபதியிடம் போய் நிற்பது? மாமாவுக்கோ இரண்டாவது கயிற்றைக் கையில் எடுத்ததற்குப் பிறகு நடந்தது எதுவும் ஞாபகம் இல்லை. கடல் பயங்கரமாக இருந்தது என்று கேப்டன் சாட்சி சொல்லிவிட்டார், ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல், உங்கள் துணைக் கேப்டனின் புத்தகம் அப்படிச் சொல்லவில்லையே என்று ஒரே கேள்வியில் அவரை உட்கார வைத்துவிட்டார். எல்லாம் அப்பாவின் வாயில் வந்து நின்றது. வாயைத் திறக்காத மனிதரின் வாயில்.

வழக்கு மூன்று தடவை தள்ளிப்போனது. நாலாவது தடவை நானும் லீவு போட்டுவிட்டுப் போனேன். நான் வேலை பார்க்கும் மருந்துக்கடையின் முதலாளி, உங்கப்பா கேஸுக்கு இன்னும் எத்தனை லீவு என்று கேட்டதற்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. கோர்ட் வராந்தாவில் நீளமான மரப் பெஞ்சு, சங்கிலி போட்ட டம்ளரோடு ஒரு தண்ணீர்ப் பானை, ஒரு பக்கமாகச் சாய்ந்து சுற்றும் மின்விசிறி. அப்பா நடந்தார். பானைவரை தரையில் பதினாறு கல், திரும்பப் பதினாறு கல். நானும் எண்ணித் தொலைத்தேன்.

"அத்தான், உக்காருங்க. கோர்ட் தரை தேஞ்சிடும், அதுக்கும் நம்மகிட்டதான் கேப்பாங்க" என்றார் மாமா. வலது கை பேன்ட் பாக்கெட்டுக்குள் இருந்தது. அதை வெளியே எடுக்காமலேயே இருக்கப் பழகியிருந்தார். அப்பா உட்காரவில்லை.

உள்ளே நீதிபதிக்குப் பக்கத்தில் ஓய்வு பெற்ற இரண்டு கேப்டன்கள் உட்கார்ந்திருந்தார்கள். கடல் விஷயத்தில் நீதிபதிக்குச் சந்தேகம் வந்தால் சொல்வதற்காக அப்படி உட்கார வைப்பார்களாம். அப்பா கூண்டில் ஏறினார். எதிர்த்தரப்பு வக்கீல் தேன் ஒழுகப் பேசுகிறவர். இது உங்கள் கையெழுத்தா, இது நீங்கள் எழுதியதா, உங்களை யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஆமாம், ஆமாம், இல்லை. அப்படியானால் கடல் சாதாரணம்தான், இல்லையா? அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எங்கள் வக்கீல் எழுந்து, தான் கொண்டுவந்திருந்த பழைய லாக் புத்தகங்களில் ஒன்றைக் கொடுத்தார். ஒன்பது வருடத்துக்கு முன், துறைமுகக் கிடங்கின் கூரையைக் காற்று பிய்த்துக்கொண்டுபோன நாள். படிக்கச் சொன்னார். அப்பா படித்தார். கடல் சாதாரணம். கோர்ட்டில் சிரிப்பு. எதிர்த்தரப்பு வக்கீல் உடனே திருப்பிப் பிடித்துக்கொண்டார். அப்படியென்றால் இவர் வழக்கமாகவே பொய் எழுதுகிறவர், இவர் எழுதிய நேரங்களை மட்டும் எப்படி நம்புவது என்றார். எங்கள் வக்கீல் மூக்கைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.  அம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள், நகம் பதிந்தது.

நீதிபதி, ஏன் அப்படி எழுதினீர்கள் என்று அப்பாவையே கேட்டார்.

அப்பா சொன்னார். மோசம்னு எழுதினா டீ வாங்கிக் குடுக்கணும், ஐயா. இருபத்திரண்டு வருஷமா நான் வாங்கிக் குடுத்ததில்ல.

மறுபடி சிரிப்பு, இந்தத் தடவை பெரிதாக. எதிர்த்தரப்பு வக்கீல் நின்றுகொண்டே சிரித்தார். அப்பாவின் காது இரண்டும் சிவந்துபோனது. இத்தனை நாள் வீட்டில் விருந்தாளிகள் முன்னால் தலை நிமிர்ந்து சொன்ன கதை, அங்கே அப்படி ஒரு சின்னத்தனமாகப் போய் விழுந்தது. என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. எழுந்துபோய் அந்தச் சிரிக்கிற வாய்களை அடைக்க வேண்டும்போல் இருந்தது.

நீதிபதி சிரிக்கவில்லை. பக்கத்திலிருந்த இரண்டு பேரில் முதிய கேப்டனும் சிரிக்கவில்லை. அவர் கப்பலை மீட்ட நாளின் புத்தகத்தை வாங்கி விரலை வைத்து வரி வரியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பழைய புத்தகங்களை வாங்கிப் புரட்டினார். அது முடிய எவ்வளவு நேரம் ஆனதோ, எனக்கு ஒரு பகல் போலிருந்தது. கடைசியில் தலையைத் தூக்கி அப்பாவைக் கேட்டார். இரண்டரைக்குப் பிறகு அடுத்த வரி ஏழரைக்குத்தான் இருக்கிறது. நடுவில் ஒன்பது வரி இல்லை. இதற்கு முன்னால் எப்போதாவது ஒரு வரி விட்டிருக்கிறீர்களா?

இல்லை என்றார் அப்பா.

எழுத எதுவும் நடக்காததால் விட்டிருப்பார் என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். முதிய கேப்டன் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"அன்னிக்கு ஏன் எழுதல?"

அப்பா கம்பியிலிருந்து கையை எடுத்தார். இடது கையைத் தலைக்கு மேலே தூக்கினார், எதையோ பிடித்திருப்பதுபோல. வலது கையைப் பக்கவாட்டில் நீட்டி மறுபடி கம்பியைப் பிடித்துக்கொண்டார். அப்படியே நின்றுகொண்டு பேசினார். முதல் கயிறு பத்து நிமிடத்தில் அறுந்துவிட்டது. இரண்டாவது கயிற்றை மச்சான் இரும்புக் கட்டையில் சுற்றும்போது படகு மேலே போய்க் கீழே விழுந்தது, கயிறு கையோடு இறுகியது. விரல் போன பிறகும் அவன் கயிற்றை விடவில்லை, இன்னும் இரண்டு சுற்றுப் போட்டுவிட்டுத்தான் விழுந்தான். அந்தச் சுற்று இல்லாவிட்டால் கப்பல் பாறையில்தான். இன்னொரு கயிற்றுக்காரர் கயிற்றை விட்டு நகர முடியாது. கேப்டன் சக்கரத்தை விட முடியாது. என் பெல்ட்டால மணிக்கட்டக் கட்டினேன்.

அம்மாவின் பிடி என் கையிலிருந்து நழுவியது.

"ஒரு கையால அவன் கையத் தூக்கிப் பிடிச்சிருந்தேன். ஒரு கையால கம்பியப் பிடிச்சிருந்தேன். அலை எங்க ரெண்டு பேர் மேலயும் ஏறி ஏறிப் போச்சு. எத விட்டாலும் அவன் போயிருப்பான். எழுத மூணாவது கை இல்லீங்க."

முதிய கேப்டன் புத்தகத்தை மூடிவைத்தார். அதற்கப்புறம் எதிர்த்தரப்பு வக்கீல் ஏதோ கேட்டார், அப்பாவும் ஏதோ சொன்னார். எனக்கு எதுவும் காதில் விழவில்லை.

தீர்ப்பு ஏழு வாரம் கழித்துத்தான் வந்தது. ஆனாலும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், அதுவரை பொத்தி வைக்கும் பொறுமை எனக்குக் கிடையாது. இது இழுவை வேலை அல்ல, மீட்பு என்றார் நீதிபதி. இன்னும் முக்கால் மணி நேரம் போயிருந்தால் கப்பல் பாறையில் மோதியிருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தார். இந்தப் புத்தகத்தின் கடைசிக் கட்டத்தை நான் நம்பவில்லை, எழுதாமல் விட்ட ஒன்பது வரிகளை நம்புகிறேன் என்று ஒரு வரி. கயிறு பிடித்தவர்மேல் எந்தக் கவனக்குறைவும் இல்லை, கப்பல் பிழைத்ததே அவர் கடைசியாகப் போட்ட இரண்டு சுற்றில்தான் என்று இன்னொரு வரி. படகில் இருந்தவர்களின் பங்கில் அவருக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தரச் சொல்லியிருந்தார். அம்மா தொகையைப் படிக்கவில்லை. அந்த இரண்டாவது வரியைத்தான் மாமாவை எதிரில் உட்கார வைத்து என்னைப் படிக்கச் சொன்னாள். படித்து முடித்ததும் இன்னொரு தடவை என்றாள்.

ஆனால் சாட்சி சொன்ன அன்று இதெல்லாம் யாருக்குத் தெரியும்? வெளியே வந்தோம். படகில் இருந்த எல்லோரும் வராந்தாவில் நின்றார்கள். ஜெயித்தோமா தோற்றோமா என்று ஒருவருக்கும் புரியவில்லை. மாமா பாக்கெட்டிலிருந்து வலது கையை எடுத்து, முதல் தடவை பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு கயிற்றுக்காரர் அம்மாவிடம் வந்து, அன்னிக்குப் பழத்தத் திருப்பிக் குடுக்கலாம்னுதான் பாத்தேன்க்கா, நீங்க விடல என்றார். அது அம்மா காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தாள். அப்பாவைக் காணோம்.

வழக்கம்போல் எங்கேயோ நடக்கப் போய்விட்டார் என்றுதான் நான் நினைத்தேன். கால் மணி நேரம் கழித்து கேன்டீன் பக்கத்திலிருந்து வந்தார். கையில் ஒரு தட்டு, அதில் எட்டு டீ. நடந்து வந்ததில் பாதி தட்டில் சிந்தியிருந்தது. பையன் யாரிடமாவது கொடுத்தனுப்பியிருக்கலாம், அவரே தூக்கிக்கொண்டு வந்தார். முதலில் மாமா முன்னால் போய் நின்றார்.

எஞ்சின்காரர் தட்டைப் பார்த்தார், பிறகு கேப்டனைப் பார்த்தார். அந்த டீ என்ன டீ என்று அவர்களுக்குத் தெரியும். வழக்கப்படி இப்போது கூச்சல் கிளம்ப வேண்டும், கிண்டல் தொடங்க வேண்டும்.  ஆனால் கேப்டன் பெஞ்சிலிருந்து எழுந்து நின்று தன் டம்ளரை எடுத்துக்கொண்டார். மற்றவர்களும் எழுந்து எடுத்துக்கொண்டார்கள். மாமா இடது கையால் வாங்கி ஒரு வாய் குடித்தார்.

"சர்க்கரை கம்மி, அத்தான்."

அப்பா தன் டம்ளரை எடுத்துக்கொண்டு பெஞ்சில் மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அம்மா கொஞ்ச நேரம் நின்றுகொண்டே இருந்தாள். பிறகு போய் அவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அவரிடம் நேராகப் பேசினாள்.

"அன்னிக்குக் கடல் எப்படிங்க இருந்துச்சு?"

"மோசம்" என்றார் அப்பா. கொஞ்சம் கழித்து, "ரொம்ப மோசம்" என்றார்.

டம்ளர் காலியாகும்வரை அவர் எழுந்திருக்கவில்லை.